மூன்றாவது ஓலை

நான் குணமாகிவிட்டேன் என்று சொன்னது பச்சைப் பொய். சொன்ன இடம் முகப்பேரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. சொன்ன காரணம், அம்மா ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்பது. அந்தப் பொய் நேரே போய், எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணத்தில் நிற்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும். முப்பதைத் தொடப்போகிற ஆள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில், அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலையே. சொந்தப் பொய்யில் இருந்த ஓட்டை மட்டும் கண்ணில் படவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். பத்தாவது படிக்கும்போதே இது எனக்குத் தெரியும். வீட்டில் சொன்னது இருபத்தெட்டு வயதில். அதுவும் ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. வரன் பார்க்கிற வெப்சைட்டில் போட வேண்டும், நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நில் என்று அம்மா மூன்று நாளாக உயிரை எடுத்தாள். மூன்றாம் நாள் சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"பொண்ணுங்கன்னா பயமாடா?"

"பயமெல்லாம் இல்லம்மா. ஆசை இல்ல."

"அப்போ ஆசை வர்றதுக்கு ஏதாச்சும் பண்ணணும்," என்றாள், சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தைக்கு டானிக் வாங்கப் போகிறவள் மாதிரி.

அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். அதிகம் பேசமாட்டார். தோளில் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். "இத்த வேற யாராண்டயாவது சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லாத நைனா," என்று எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

சொல்லாதே என்றது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமையே எங்கள் சர்ச் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அம்மா விண்ணப்பம் வைத்துவிட்டாள். அங்கே விவரம் சொல்லாமலேயே ஜெபிக்கச் சொல்லலாம். "என் மகனுக்குப் பேர் சொல்ல முடியாத ஒரு கஷ்டம்" என்று சொன்னாளாம். கேட்டவர்கள் அவரவர் வீட்டில் இருக்கிற கஷ்டத்தை அதில் பொருத்திக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா அம்மாவை ஓரமாக இழுத்து, "எங்க ஊட்டுக்காரர் தம்பியும் இப்பிடித்தான் இருந்தாரு. இந்த டாக்டர்தான் மாத்துனாரு," என்று ஒரு நம்பரைக் கொடுத்தார். எதிலிருந்து மாற்றினார் என்று அம்மா கேட்கவில்லை. எதை மாற்ற வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. கொழுந்தனாருக்கு இருந்தது குடி. இப்படித்தான் நான் குடியை நிறுத்துகிற ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்தேன். கர்மம்!

அவர் டாக்டரும் இல்லை. மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில் தொங்கிய போர்டில் குடிப்பழக்கம், தேர்வு பயம், கணவன் மனைவி தகராறு என்று மூன்றும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. அம்மா டாக்டர் என்று கூப்பிட்டாள், அவரும் திருத்தவில்லை. ஐம்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, குழைவான குரல். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "இது ஒரு பழக்கம் தம்பி. பழக்கம்னா விட்டுடலாம்," என்றார்.

"குடிச்சாத்தானே சார் குடிப்பழக்கம்? நான் இதுவரைக்கும் யாரையும் தொட்டதுகூட இல்ல."

"அப்போ இன்னும் ஈஸி," என்றார்.

கையில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டார். தப்பான எண்ணம் வந்தால் அதை இழுத்து விட வேண்டும். வலித்தால் மனசு பயந்துபோய் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதாம். ஒரு நோட்டுப் போட்டு, ஒரு நாளைக்கு எத்தனை முறை இழுத்தேன் என்று எழுதிக் கொண்டுவர வேண்டும். முதல் வாரம் உண்மையாகவே செய்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எஸ்டேட்டுக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கண்டக்டரின் கழுத்தைப் பார்த்த குற்றத்துக்காக என்னை நானே அடித்துக்கொண்டு போனேன். மணிக்கட்டு சிவந்து தடித்துவிட்டது. ஆபீசில் கேட்டவர்களிடம் வாட்ச் அலர்ஜி என்றேன். இரண்டாவது வாரத்திலிருந்து எண்களை நானே போட ஆரம்பித்தேன். சனிக்கிழமை படி ஏறுவதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றபடி, போன வாரத்தைவிட இரண்டிரண்டு குறைத்து எழுதுவேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "இறங்குது தம்பி, நல்லா இறங்குது," என்பார். காய்ச்சலா இறங்குவதற்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "சார், இதையெல்லாம் செய்யவே கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. டாக்டருங்க செஞ்சா அவங்க மேல நடவடிக்கை எடுக்கலாம்."

அவர் சிரித்தார். "நான் டாக்டர் இல்லையே தம்பி."

அம்மாவுக்கு டாக்டர், எனக்கு டாக்டர் இல்லை. இவரிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது? அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். எல்லாம் முடிந்த பிறகு விவரம் தெரிந்துகொண்ட நண்பன் ஒருவன் இன்றைக்கும் கேட்கிறான். சம்பாதிக்கிறாய், தனியாக ஒரு ரூம் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்கிறான். சொல்வது சுலபம். அம்மா உபவாசம் இருந்தாள். நான் சரியாகிற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிந்ததிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று பொருத்தனை பண்ணிவிட்டாள். அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையைப் போட்டால் சாப்பிட வேண்டும். சாப்பிடவில்லையென்றால் மாத்திரையைப் போடக்கூடாது. அவள் மாத்திரையை முந்தின நாள் இரவே சேர்த்துப் போட்டுக்கொண்டாள். கேட்டால், "நீ டாக்டராண்ட போ, நான் கர்த்தராண்ட போறேன். ரெண்டு பக்கமும் பிடிச்சாத்தான் நடக்கும்," என்பாள். நான் போகவில்லையென்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்து உபவாசம் இருப்பாளாம். மிரட்டல் இல்லை அது. அம்மாவுக்கு மிரட்டத் தெரியாது. உண்மையாகவே இருப்பாள், அதுதான் தொல்லை.

மூன்றாவது மாதம் அந்த ஆள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். சின்ன வயதில் அப்பா என்னை அணைத்து வளர்க்கவில்லை, தூரமாகவே இருந்துவிட்டார், அந்த ஏக்கம்தான் இப்படித் திரும்பிவிட்டது என்றார். அப்பாவை வரச் சொன்னார். அப்பா பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் எங்க சார் தூரமா கீறேன்? ஊடே ரெண்டு ரூம்தான்," என்றார்.

"அந்தத் தூரம் இல்லீங்க. தினமும் பையனைக் கட்டிப் பிடிக்கணும். ஒரு நிமிஷம், குறையக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், அப்பா என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "எந்திரி நைனா," என்றார். எழுந்து நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் கடிகாரம் கட்டிய கையை நீட்டி மணி பார்த்தபடி ஒரு நிமிஷம் கட்டிக்கொண்டார். தேங்காய் எண்ணெயும் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸும் கலந்த வாசனை. நிமிஷம் முடிந்ததும் விட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. ஒரு மாதத்தில் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே விழித்துக்கொண்டு காத்திருப்பேன். அந்த மாடியில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயத்துக்கு அந்த ஆளுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் எரிச்சல் வரும்.

ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை, முகப்பேரிலிருந்து மதியம் திரும்பி வந்தால் அம்மா குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தாள். நைட்டி முழுக்க வியர்வை. கண் திறந்திருந்தது, ஆனால் எதிரில் நிற்பது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. ஒரு கை நிறையச் சீனியை அள்ளிக்கொண்டு வந்து வாயில் போடப் பார்த்தேன். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "மணி ஆறாவல," என்றாள். நான் யார் என்று தெரியவில்லை, மணி ஆறாகவில்லை என்பது மட்டும் தெரிகிறது. அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்த அப்பா தாடையைப் பிடித்துக்கொண்டார். நான் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சீனியைத் திணித்தேன். "முழுங்கும்மா, முழுங்கித் தொலம்மா," என்று கத்தினேன். பெற்ற தாயைப் பார்த்துத் தொலை என்று சொன்ன ஆள் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் வந்தாள். வந்த உடனே காலண்டரில் அடுத்த சனிக்கிழமை எந்தத் தேதி என்று பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை மாடி ஏறி உட்கார்ந்ததும், "சரியாயிடுச்சு சார்," என்றேன்.

அவருக்கே ஆச்சரியம். "எண்ணம் வருதா?"

"வரல சார்."

"லேடீஸைப் பார்த்தா?"

"வருது சார்."

எழுந்து வந்து கை கொடுத்தார். இனிமேல் தள்ளிப்போடக் கூடாது, ஆறு மாதத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய பழக்கம் திரும்பிவிடும் என்று அம்மாவுக்குப் போன் போட்டே சொல்லிவிட்டார். கல்யாணத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அன்றைக்கு மதியத்தைத் தாண்டி என் மூளை போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா உருளைக்கிழங்கு வறுவலும் ரசமும் வைத்து, எனக்கு எதிரில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை அப்பா எழுப்ப வரவில்லை. திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு விழித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா டீ டம்ளரோடு அறை வாசல்வரை வந்தார். "அதான் சரியாயிடுச்சே நைனா," என்று சொல்லிவிட்டு, டீயை நின்றபடியே குடித்து முடித்தார். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரத்தில் அம்மா மைக்கைப் பிடித்தாள். பேர் சொல்ல முடியாத வியாதியிலிருந்து கர்த்தர் தன் மகனை விடுவித்ததாகச் சொல்லி அழுதாள். சபை முழுக்க ஆமென் சொன்னது. நம்பர் கொடுத்த அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்து, "இனிமே அந்த டாஸ்மாக் கடைப் பக்கமே போகாத தம்பி," என்றார். சரிக்கா என்றேன். வேறென்ன சொல்வது?

இரண்டே மாதத்தில் வரன் அமைந்துவிட்டது. ஆவடியில் வேறொரு சபையைச் சேர்ந்த குடும்பம். பெண் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். தினம் நூறு பேருக்கு ஊசி குத்துகிறவள், யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவாள். பெண் பார்க்கப் போன அன்று எங்களைப் பத்து நிமிஷம் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். துணி காயப்போட்டிருந்த கொடிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நின்றோம்.

"உங்களுக்கு இதுல இஷ்டம்தானே? யாரும் கம்பெல் பண்ணலையே?" என்று கேட்டாள்.

கீழே அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "ம்," என்றேன். ஒரு எழுத்து. அதைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. அவள் அதை நம்பினாள்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை பெண் இருவர் பேரையும் பெற்றோர் பேரையும் அவரவர் சபையில் வாசித்து, இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லலாம் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு நாலைந்து விநாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. யாராவது இருமுவார்கள், ஒரு குழந்தை சிணுங்கும், அப்புறம் பாட்டு நம்பரைச் சொல்லிவிடுவார். முதல் ஓலை அன்றைக்கு ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு, யாராவது எழுந்து சொல்லுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். யார் சொல்வார்கள்? தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் மணவாளன்.

அந்த வாரம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "அம்மா, நான் சரியாகல. நீ சாப்பிடணும்னு பொய் சொன்னேன்."

அம்மா பத்திரிகைக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடைசி நேரத்துல சாத்தான் இப்பிடித்தான் பேச வைப்பான். நீ கண்டுக்காத."

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "உங்க ஃபைலை க்ளோஸ் பண்ணிட்டேனே தம்பி. திரும்ப வரணும்னா புதுசா ரெஜிஸ்டர் பண்ணணும்," என்றார்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. ஆராதனை முடிந்ததும் போதகரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும்," என்றேன். சுற்றி வளைக்கவே இல்லை. அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அதுதான் குணமாயிடுச்சுன்னு அம்மா சாட்சி சொன்னாங்களே?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது! அம்மா அவரிடம் மட்டும் விவரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் இரண்டு முறை வாசித்திருக்கிறார்.

"குணமாகலைய்யா. அது பொய்."

"சபைக்கு முன்னாடி சொன்ன சாட்சி தம்பி அது. இல்லைன்னு ஆக்கினா, பெத்த தாயைப் பொய் சொன்னவங்களா ஆக்குற. யோசிச்சுப் பாரு. கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு பயம் வரும். எனக்கும் வந்துச்சு." எழுந்து என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்து பைக்கை உதைத்தால் அது ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு உதை கூடவே விட்டேன். நான் சொன்ன பொய்யை மொத்தப் பேரும் மூச்சு விடாமல் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நோய் பேசுகிறது, பயம் பேசுகிறது, சாத்தான் பேசுகிறான். நான் பேசுகிறேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அடப்பாவிகளா, நான் எப்போதுதான் பேசுவது?

சொல்லாமல் விட்டது ஒருத்தியிடம் மட்டும்தான். முதலில் சொல்லியிருக்க வேண்டியது அவளிடம்தான் என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது திருமுல்லைவாயல் ஸ்டேஷனில் இறங்கச் சொன்னேன். பிளாட்பாரக் கடைசியில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் பேண்ட், உபவாசம், சீனி, எதையும் விடவில்லை. நடுவில் ஒரு ஆவடி வண்டி வந்து நின்றுவிட்டுப் போனது. அவள் ஏறவில்லை.

"இது எத்தன பேருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"அம்மா, அப்பா, அந்தக் கவுன்சிலர், எங்க போதகர்."

"நாலு பேர். கட்டிக்கப்போற எனக்கு அஞ்சாவதா சொல்றீங்க."

தலையைக் குனிந்துகொண்டேன். "நீங்க வேணாம்னு உங்க வீட்ல சொல்லிடுங்க. என் மேல என்ன பழி வேணும்னாலும் போடுங்க."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். "நான் எதுக்கு சொல்லணும்? ரெண்டு ஓலை வாசிச்ச பொண்ணு வேணாம்னு சொன்னா, அவளுக்கு வேற யாரோ கீறான்னு பேசுவாங்க. காரணம் கேட்டா உங்களைப் பத்தி நான் சொல்லணும். அத்த சொல்ல வேண்டியது நானா? உங்க அம்மா சாப்பிடலைன்னு நீங்க பொய் சொன்னீங்க, சரி. அதுக்கு என்னை ஏன் எடுத்துக் குடுத்தீங்க?"

"இப்போ நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சொல்லணும். வாசிக்கிற எடத்துலயே சொல்லணும்."

"சபையிலயா?"

"வேற எங்க? எம் பேரை அங்கதானே வாசிச்சாங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க சபையில ஒம்போது மணிக்கு வாசிப்பாங்க. உங்களுது ஏழரை மணி ஆராதனை. நான் அங்க வந்துடறேன். நீங்க எழுந்துக்கலைன்னா நான் எழுந்துப்பேன்."

அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே வந்தாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். மருமகள் முதல்முறையாக மாமியாரோடு ஆராதனைக்கு வந்திருக்கிறாள் என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். சுற்றி இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கால் ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, காலை ஆட்டாதே என்று என் முழங்காலைப் பிடித்தார்.

அறிவிப்புகள் வந்தன. போதகர் ஓலையை எடுத்தார். என் பேர், அப்பா பேர், அம்மா பேர், அவள் பேர், அவள் வீட்டார் பேர். தடை ஏதாவது தெரிந்தால் சொல்லலாம், இது மூன்றாம் முறை. வாசித்துவிட்டு, வழக்கம்போல நிறுத்தினார். யாரோ ஒருவர் இருமினார்.

எழுந்தேன். "எனக்கு ஆட்சேபணை இருக்குங்கய்யா."

சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளை ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். போதகர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ மணவாளன். மணவாளன் ஆட்சேபணை பண்ற வழக்கம் கிடையாது. உக்காரு," என்றார். அப்பா என் சட்டையின் கீழ்முனையைப் பிடித்து இழுத்தார். பொத்தான் ஒன்று தெறித்தது.

"உக்கார முடியாதுங்கய்யா," என்றேன். "எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும். எப்பவுமே அப்பிடித்தான். நான் குணமாயிட்டேன்னு சொன்னது பொய். அம்மா அதை நம்பித்தான் இங்க சாட்சி சொன்னாங்க, அவங்க மேல தப்பு இல்ல. இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. அந்தப் பொண்ணு மேலயும் ஒரு தப்பும் கெடையாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். அப்பா சட்டையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் அம்மா மெதுவாக எழுந்து நின்றாள். கும்பிடுவது மாதிரி கையைச் சேர்த்துக்கொண்டு போதகரைப் பார்த்தாள்.

"ஐயா, அவனுக்கு இன்னும் முழுசா சரியாகல," என்றாள். "ரெண்டு மாசம் தள்ளி வெச்சுக்கலாம். நான் இன்னும் ஜெபம் பண்றேன். சரியாயிடும்யா."

ஐயோ அம்மா! இத்தனை பேருக்கு முன்னால் இவ்வளவு சொன்ன பிறகும் அவள் காதில் விழுந்தது அவ்வளவுதான். இனி என்ன சொல்லிப் புரியவைப்பேன்?

அப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த மணப்பெண் எழுந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து, தன் பக்கமாகத் திருப்பினாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

"ஆன்ட்டி, அவருக்கு வியாதியே இல்ல. ஒண்ணுமே இல்ல. எங்கிட்ட பொய் சொன்னாரு, அது ஒண்ணுதான் தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஆண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தில் இருந்த அந்தப் பரிதாபம் இல்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை நான் உடைத்துவிட்டு வந்து நின்றபோது வந்த கோபம் இருந்தது.

"கேளுடா," என்றாள்.

கேட்டேன்.